நான்கு பேர் முழுதாகப் படிப்பார்கள்

வசந்தப் பருவத்தின் கடைசி வகுப்பு நாள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரின் தென்கிழக்குப் பகுதி. ரீட் கல்லூரி நூலகத்தின் வாசற்படிகளில் இறுதியாண்டு மாணவர்கள் கூடுகிறார்கள். பல வாரங்களாகச் சரியாகத் தூங்காத கண்கள். பலர் தலையில் லாரல் தழை வளையம். நம் வீட்டுப் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட உறவான அந்தத் தழையைத்தான் பழைய கிரேக்கர்கள் வென்றவர்களுக்குச் சூட்டினார்கள். ஒரு வருட உழைப்பு ஆய்வேடாகி முடிந்துவிட்டது. அதைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அலுவலகம் எலியட் ஹால் என்ற பழைய செங்கல் கட்டடத்தில் இருக்கிறது. நடந்தால் சில நிமிடம். அந்தச் சில நிமிட நடையைத்தான் ஊர்வலமாக்கி வைத்திருக்கிறார்கள். முரசும் கூச்சலும் ஷாம்பெயின் நுரையுமாகக் கூட்டம் நகர்கிறது. பழைய வரைவுகளும் குறிப்புகளும் நெருப்பில் போகின்றன. நம் ஊர்ப் போகியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீயைச் சுற்றி நிற்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஊர்வலத்தின் பெயரே ‘தீசிஸ் பரேடு’. பட்டமளிப்பு விழா இன்னும் சில வாரம் தள்ளி, மே மாத நடுவில் வரும். அங்கி, தொப்பி, உரை, பெற்றோர், புகைப்படம் எல்லாம் அப்போது. ஆனால் ரீடில் படித்தவர்களைக் கேட்டால், கல்லூரி முடிந்த நாளாக அவர்கள் சொல்வது இந்த ஊர்வல நாளைத்தான்.

ரீட் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. இந்தச் சொல்லில் ‘ஆர்ட்ஸ்’ இருப்பதால் கலைப் பாடங்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இயற்பியலும் கணக்கும் வேதியியலும் இங்கே இலக்கியத்துக்கும் மானுடவியலுக்கும் பக்கத்து அறையில் நடக்கின்றன. இயற்பியல் படித்தவருக்கும் கிடைப்பது பி.ஏ. பட்டம்தான். மொத்த மாணவர்கள் சுமார் 1,400 பேர். ஓர் ஆண்டில் பட்டம் பெற்று வெளியேறுகிறவர்கள் ஏறத்தாழ 300 பேர். நம்மூர்ப் பெரிய கல்லூரி ஒன்றில் ஒரே துறையில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு. முதலாண்டில் எந்தப் பாடத்தை எடுக்க வந்தவரானாலும் எல்லோரும் ஒரே மனிதவியல் பாடத்தைப் படிக்க வேண்டும். ஒரே நூலை ஒரே வாரத்தில் படித்துவிட்டு, சிறு சிறு குழுக்களாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும். நெடுங்காலம் கிரேக்கமும் ரோமும் மட்டுமே அந்தப் பாடத்தின் மையமாக இருந்தன. உலகம் அவ்வளவுதானா என்று 2016 முதல் மாணவர்களே கேட்டுப் போராடினார்கள். 2018இல் பாடத்திட்டம் மாறி, மெக்ஸிகோ நகரமும் நியூயார்க்கின் ஹார்லெமும் உள்ளே வந்தன.

மதிப்பெண் விஷயத்தில் இவர்கள் ஒரு விநோதமான வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் மதிப்பெண் போடுவார். அது பதிவேட்டில் ஏறும். ஆனால் தேர்ச்சி திருப்தியாக இருக்கும்வரை மாணவருக்கு அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. கேட்டால் தெரிந்துகொள்ளலாம். கட்டுரை திரும்பி வரும்போது ஓரத்தில் ஆசிரியரின் கையெழுத்தில் குறிப்புகள் இருக்கும், எண் இருக்காது. நான்கு வருடம் தன் மதிப்பெண்ணைப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போனவர்கள் உண்டு. இதே மனநிலையில்தான் 1995இல் புகழ்பெற்ற பத்திரிகைத் தரவரிசைக்கு விவரம் அனுப்புவதையும் கல்லூரி நிறுத்திக்கொண்டது. மதிப்பெண்ணைத் தள்ளிவைத்தால் ஒரு மாணவரை எதைக் கொண்டு எடைபோடுவது என்ற கேள்வி வரும். ரீட் அதற்கு வைத்திருக்கும் விடைதான் இறுதியாண்டு ஆய்வேடு.

இந்த ஏடு கல்லூரியோடு பிறந்தது. கொலம்பியா நதியில் நீராவிப் படகு ஓட்டிப் பணம் சேர்த்த சிமியன் ரீடும் அவர் மனைவி அமாண்டாவும் விட்டுச்சென்ற சொத்தில் 1908இல் கல்லூரி நிறுவப்பட்டது. 1911இல் வகுப்பு தொடங்கியபோது மாணவர்கள் ஏறத்தாழ 50 பேர்தான். முதல் தலைவர் வில்லியம் ட்ரூஃபன்ட் ஃபாஸ்டருக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டிச் சில வருடமே. கிழக்குக் கரைப் பழைய கல்லூரிகளின் பகட்டைப் பார்த்துச் சலித்தவர் அவர். மாணவர்களின் ரகசியச் சங்கங்கள் கூடாது, கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி கூடாது, படிப்பு ஒன்றே வேலை என்று சொல்லிவிட்டார். முதல் பேட்ச் 1915இல் வெளியேறியது. அன்றிலிருந்து இன்றுவரை ஏடு எழுதுவதில் விலக்குப் பெற்ற துறை கிடையாது. கணக்குத் துறையின் ஏடு மெலிந்திருக்கும், வரலாற்றுத் துறையின் ஏடு தடித்திருக்கும். நாவல் எழுதலாம், கவிதைத் தொகுப்புத் தரலாம், நாடகம் போடலாம், ஓவியம் வரையலாம். எழுதாமல் மட்டும் போக முடியாது.

அமெரிக்காவில் பல பெரிய பல்கலைக்கழகங்களில் ஏடு என்பது ‘ஆனர்ஸ்’ மாணவருக்கு மட்டும். வகுப்பில் முதல் வரிசைக்காரர்கள் எழுதுவார்கள், மற்றவர்கள் பாடங்களை எண்ணி முடித்துப் போவார்கள். இங்கே வகுப்பில் கடைசியாக இருப்பவரும் எழுதுகிறார். அவருடைய ஏட்டுக்கும் அதே அளவு ஆசிரியர் நேரம், நூலகத்தில் அதே அலமாரி. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கல்லூரியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் ஆண்டின் முடிவில் துறை ஒரு தகுதித் தேர்வு வைக்கிறது. அதில் தேறினால்தான் இறுதியாண்டு மாணவர் ஆகலாம். இலையுதிர்காலத்தில் வழிகாட்டி ஆசிரியர் அமைகிறார். வாரந்தோறும் அவருடைய அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சு. நூலகத்தில் இறுதியாண்டு மாணவருக்கு என்று ஒரு மேசை கிடைக்கிறது. ‘தீசிஸ் டெஸ்க்’ என்ற அந்தச் சிறு இடம் மெல்ல மெல்ல வீடாகிவிடும். தலையணை வரும், தேநீர்க் கோப்பை வரும், வீட்டு நாயின் படம் ஒட்டப்படும், புத்தகங்கள் சுவர்போல எழும்பும். டிசம்பரில் போர்ட்லண்டில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். மழை நாள் கணக்கில் விடாமல் தூறும். அந்த மாதங்களில் நூலக வெளிச்சத்தில் குனிந்திருக்கும் தலைகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் டெஸ்கில் சிலப்பதிகாரம் போல ஏதோ ஒரு பழங்காப்பியம் விரிந்திருக்கும். அடுத்தவர் டெஸ்கில் ஈக்களின் மரபணு.

சிலருக்கு நூலகத்தை விட்டால் இன்னோர் இடமும் உண்டு. அணு உலை. 1968 முதல் இயங்கும் சிறு ஆராய்ச்சி உலை அது. ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் நீலமாக ஒளிரும். அதை இயக்குபவர்கள் பெரும்பாலும் பட்டப்படிப்பு மாணவர்களே. நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தேர்வை எழுதி, உரிமம் வாங்கிக்கொண்டுதான் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார முடியும். இயற்பியல் மாணவர்தான் என்றில்லை, தத்துவமும் இலக்கியமும் படிப்பவர்களும் உரிமம் வாங்கியிருக்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளையை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அது அந்தப் பொறுப்பின் அளவுக்கு வளரும் என்ற நம்பிக்கை, ஏட்டிலும் உலையிலும் ஒன்றுபோலவே தெரிகிறது.

ஏடு எழுதுவது என்றால் என்ன நடக்கிறது? 1963ஆம் ஆண்டு பேட்சில் ஒரு பெண்ணின் கதை அதைச் சொல்லும். பார்பரா எஹ்ரென்ரைக். மொன்டானா மாநிலத்தின் பியூட் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர்; அப்பா செப்புச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். பார்பரா வேதியியல் படித்தார். ஏட்டுக்கான சோதனை சிலிக்கானால் ஆன மின்முனை பற்றியது. கரைசலில் மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தினால் மின்னழுத்தம் சீராக மாற வேண்டும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் முள் சீராகப் போகவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. கருவியில் கோளாறா, கரைசலில் அழுக்கா என்று எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அதே அலை. ஏதோ உயிருள்ள ஒன்று மூச்சுவிடுவதைப் போல.

ஒரு மாணவருக்கு இது பயங்கரமான நேரம். காலக்கெடு நெருங்குகிறது, வர வேண்டிய விடை வரவில்லை. எண்களைக் கொஞ்சம் ‘சரிசெய்து’ சீரான கோடாக்கி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் எஹ்ரென்ரைக் கண்டதையே எழுதினார். ஏட்டின் தலைப்பிலேயே அந்த ஊசலாட்டம் நிற்கிறது: சிலிக்கான் நேர்மின்முனையின் மின்வேதி அலைவுகள் என்பது அதன் பொருள். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு முழு விளக்கம் அப்போது அவரிடம் இல்லை. பிறகு ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் உயிரணு நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலை விட்டு எழுத்துக்கு வந்தார். 2001இல் வெளியான ‘நிக்கல் அண்ட் டைம்ட்’ நூலுக்காகத் தானே ஹோட்டல் பணிப்பெண்ணாக, வீடு துடைப்பவராக, கடை ஊழியராக வேலை பார்த்தார். குறைந்த கூலியில் ஒரு மனுஷி இந்த நாட்டில் வாழ முடியுமா என்று தன் உடம்பால் சோதித்துப் பார்த்தார். முடியாது என்று முள் காட்டியது. அதையே எழுதினார். 2014இல், எழுபதைத் தாண்டிய வயதில் வெளியிட்ட நினைவு நூலில் அவர் அந்தப் பழைய சிலிக்கான் சோதனைக்கே திரும்பி வந்தார். கல்லூரி ஏடு ஒருவருக்குள் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை. 2022 செப்டம்பரில் எஹ்ரென்ரைக் காலமானார். அந்த ஏடு ரீட் நூலகத்தில் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் முன்னால், 1950ஐ ஒட்டிய ஆண்டுகள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்றுக்கொண்ட காலம். அதனால் வகுப்பில் பதினெட்டு வயதுக்காரர்களுக்குப் பக்கத்தில் முப்பதை நெருங்கியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிக்கு அருகே லாம்பர்ட் தெருவில் ஒரு வீடு. வாடகை மலிவு. அதில் கேரி ஸ்னைடர், ஃபிலிப் வேலன், லூ வெல்ச் மூவரும் தங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. மூன்று பேருமே பின்னாளில் அமெரிக்கக் கவிதையில் இடம்பிடித்தவர்கள். அவர்களுடைய ஆசிரியர்களில் ஒருவர் லாயிட் ரெனால்ட்ஸ். இலக்கியமும் கலையும் சொல்லித்தந்தவர், அழகெழுத்தைக் கல்லூரியில் வேரூன்ற வைத்தவர். 1950இல் மூத்த கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் கல்லூரிக்கு வந்தபோது இந்த மூன்று இளைஞர்களையும் சந்தித்துப் பேசினார்.

மூவரின் ஏடும் மூன்று விதம். வெல்ச் எழுதியது கெர்ட்ரூட் ஸ்டைனின் எழுத்தைப் பற்றி. வேலன் கொடுத்தது கவிதைத் தொகுப்பு. ஸ்னைடர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாட்டார் கதை. வடமேற்குப் பசிபிக் கரையின் ஹைடா மக்கள் சொன்னது. ஜான் ஸ்வான்டன் என்ற மானுடவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தது. பறவை வேட்டைக்குப் போகும் ஒரு தலைவனின் மகன், இறகுப் போர்வையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கும் வாத்துப் பெண்களைக் காண்கிறான், ஒருத்தியை மணக்கிறான், ஒருநாள் அவள் பறந்துபோய்விட, தேடிக்கொண்டு வானத்துக்கே போகிறான். ஒரு கதை, அவ்வளவுதான். ஸ்னைடர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதைச் சொன்ன மக்கள் யார், உலகத்தில் வேறு எங்கெல்லாம் இந்தக் கதை நடமாடுகிறது, மனத்துக்குள் அது என்ன செய்கிறது, சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே என்ன நிகழ்கிறது என்று ஒரு கதையைச் சுற்றி ஒரு முழு வருடம். அந்த ஏடு 1979இல் நூலாகவே அச்சாகிவிட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பே ‘டர்ட்டில் ஐலண்ட்’ தொகுப்புக்காக அவர் புலிட்சர் பரிசு பெற்றிருந்தார். இருபத்தொரு வயதில் ஒரே கதையோடு உட்கார்ந்திருக்கப் பழகியவரிடம், பிறகு ஒரு மலையோடும் ஒரு காட்டோடும் அதே பொறுமை இருந்ததில் வியப்பில்லை.

இவர்கள் புகழ்பெற்றவர்கள், அதனால் இவர்கள் ஏடுகளைப் பற்றி நமக்குத் தெரிகிறது. ரீட் நூலகத்தில் ‘தீசிஸ் டவர்’ என்று ஓர் அடுக்கு இருக்கிறது. பேட்ச் பேட்சாக மாணவர்களின் ஏடுகள் கட்டுப்போட்டு அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியராக, மருத்துவராக, கணினிக்காரராக, கடைக்காரராக, வீட்டில் பிள்ளை வளர்ப்பவராக வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயர் பொறித்த நூல் என்று உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்குமானால் அது அங்கேதான். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. அடுத்த பேட்ச் மாணவர் தன் தலைப்புக்குக் கிட்டத்தட்ட ஒத்த பழைய ஏட்டைத் தேடி எடுத்து, மேற்கோள் காட்டி, அதனோடு வாதாடவும் செய்வார்.

ஊர்வலம் முடிந்து, ‘ரென் ஃபேர்’ என்ற மூன்று நாள் கொண்டாட்டமும் ஓய்ந்த பிறகுதான் உண்மையான தேர்வு. ‘ஓரல்ஸ்’ என்கிறார்கள், நாம் வைவா என்போம். ஓர் அறை, ஒரு மேசை. சுற்றிலும் நான்கு ஆசிரியர்கள்: வழிகாட்டி, முதல் வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னவர், அதே துறைக் குழுவிலிருந்து இன்னொருவர், முற்றிலும் வேறு துறையிலிருந்து ஒருவர். நான்கு பேரும் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வந்திருப்பார்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் பேச்சு நடக்கும். நாற்பதாம் பக்கத்தில் இந்தச் சொல்லை ஏன் போட்டாய்? இந்த வரைபடத்தில் இந்தப் புள்ளி மட்டும் ஏன் விலகி நிற்கிறது? நீ மறுக்கிறாயே, அந்த அறிஞர் இப்போது இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன பதில் சொல்வார்? வேறு துறைக்காரரின் கேள்விதான் பல சமயம் மாணவரைத் திணற வைக்கும். அவருக்குத் துறையின் பரிபாஷை தெரியாது, ‘இதெல்லாம் எதற்கு?’ என்று நேராகக் கேட்பார்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் இறுதியாண்டில் நானும் ஒரு பிராஜெக்ட் செய்தேன். ஐந்து மாதம் அலைந்து ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பி எழுதியது. தங்க எழுத்துப் பொறித்த பைண்டிங்குக்காக இரண்டு நாள் கடை வாசலில் காத்திருந்தேன். வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன் நாற்பது பேர் வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. தலைப்பைக் கேட்டார், சொன்னேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு அன்று பெயர் தெரியவில்லை. நான் எழுதியதை யாருமே படிக்கவில்லை என்பதுதான் அது. அந்தத் தேர்வாளரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று மாலைக்குள் அவர் நாற்பது கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த நாற்பதில் நான்கைப் படிக்கக்கூட அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

அதனால்தான் ரீடின் வைவாவை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒருவர் எழுதிய நூறு பக்கத்தை, படித்து வளர்ந்த நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். அப்புறம் அவரிடமே வந்து, அவரைத் தங்களுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையில் இது எத்தனை முறை நடக்கும்? பலருக்கு ஒருமுறைகூட நடப்பதில்லை. தேறினாயா இல்லையா என்பதைவிட, உன்னைப் படித்தேன் என்று சொல்வதுதான் அந்த அறையில் நடக்கும் பெரிய காரியம். இயந்திரம் நிமிடத்தில் நூறு பக்கம் எழுதித் தரும் காலத்தில் ஏட்டுக்கு என்ன மதிப்பு என்று இப்போது கல்லூரிகள் எல்லாம் கலங்குகின்றன. ஒரு வருடம் வாரந்தோறும் எதிரே உட்கார்ந்து பேசிய ஆசிரியரையும், இரண்டு மணி நேரம் கேள்வி கேட்கும் நான்கு பேரையும் கடந்து அப்படி ஒரு கடன் ஏடு போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு விலை இருக்கிறது. முதல் விலை பணம். கட்டணமும் தங்குமிடமும் உணவும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கும் மேல். தேவை நிரூபிக்கப்பட்டால் உதவித்தொகை உண்டு. பலர் அதில்தான் படிக்கிறார்கள். ஆனாலும் 2009இல், பொருளாதாரச் சரிவின்போது, உதவி தேவைப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, கட்டணம் கட்டக்கூடியவர்களை வைத்து நிரப்பியதாக வந்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. நான்கு பேர் முழுதாகப் படிப்பதற்கு ஆகும் செலவை யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கட்ட முடியாதவரின் ஏட்டை யார் படிப்பது? இந்தக் கேள்விக்கு ரீடிடமும் நிறைவான பதில் இல்லை.

இரண்டாவது விலை, மனித விலை. எல்லோரும் முடிப்பதில்லை. பாதியில் விலகிப் போவோரின் எண்ணிக்கை ஒரு காலத்தில் கல்லூரிக்கே பெருங்கவலையாக இருந்தது. உலகத்துக்குத் தெரிந்த ரீட் மாணவரே முடிக்காதவர்தான். ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இல் சேர்ந்து ஆறு மாதத்தில் விலகினார். பிறகும் வளாகத்தைச் சுற்றிக்கொண்டு, ரெனால்ட்ஸ் தொடங்கிவைத்த அழகெழுத்து வகுப்பில் ராபர்ட் பல்லாடினோவிடம் எழுத்துகளின் வடிவம் கற்றார். பத்து வருடம் கழித்து மேக்கின்டாஷ் கணினியின் எழுத்துருக்களில் அது வெளிப்பட்டதாக அவரே 2005இல் ஸ்டான்ஃபோர்டில் சொன்னார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் படிப்பை விடுவதுதான் வீரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வகுப்பில் ஜாப்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்திருந்தவர்கள் அதே எழுத்துகளைக் கற்று, அதோடு ஏட்டையும் எழுதி முடித்துவிட்டுப் போனார்கள்.

விலகியவர் வேறு, விலக்கப்பட்டவர் வேறு. 1920களின் தொடக்கத்தில் போர்ட்லண்ட்காரரான ஜேம்ஸ் பியர்ட் இங்கே படிக்க வந்தார். ஒருபாலீர்ப்பாளர் என்பதற்காகக் கல்லூரி அவரை வெளியேற்றியது. அவருடைய பேட்ச் பட்டம் பெற்ற நாளில் அவர் அங்கே இல்லை. பின்னாளில் அமெரிக்கச் சமையலின் மூத்தவராக நாடே அவரைக் கொண்டாடியது. 1976இல் கல்லூரி அவரை அழைத்து மதிப்புறு பட்டம் கொடுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம். 1985இல் இறந்தபோது பியர்ட் தன் சொத்தைத் தன்னைத் துரத்திய அந்தக் கல்லூரிக்கே எழுதிவைத்திருந்தார். அந்த மனசை நினைத்தால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

ரீட் நிலைத்து நிற்கிறது. கையில் நிதி இருக்கிறது. இதே போன்ற சின்னக் கல்லூரிகள் பல நிற்கவில்லை. வெர்மான்ட் மலைகளில் 1946இல் தொடங்கிய மார்ல்பரோ கல்லூரியிலும் இறுதியாண்டுக்காரர் ஒவ்வொருவரும் ‘பிளான்’ என்று ஒரு பெரும்பணியைச் செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் வாதாட வேண்டியிருந்தது. 2020இல் அது மூடப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரிக் கரையில் 1868 முதல் இருந்த வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் 29 அன்று, அந்தப் பருவத்தோடு கடை மூடுவதாக அறிவித்தது. பட்டமளிப்புக்குச் சில வாரங்களே இருந்தன. அங்கே கடைசி வகுப்பு நாளில் இறுதியாண்டு மாணவர்கள் மினர்வா தெய்வச் சிலையின் பாதத்தை முத்தமிடுவது பழைய வழக்கமாக இருந்தது. 2024 பேட்சுக்குப் பிறகு அந்தப் பாதத்தைத் தொட வருகிறவர் யாரும் இல்லை.

ரீடுக்கும் ஒரு வருடம் ஊர்வலப் படிகள் வெறிச்சோடின. 2020 மார்ச்சில் வளாகம் காலியானது. மேசைகளில் இருந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். ஏட்டின் கடைசி அத்தியாயங்களை அம்மா சமைக்கும் சத்தத்துக்கு நடுவே, தங்கையோடு பங்குபோட்ட அறையில் எழுதினார்கள். ஓரல்ஸ் திரை வழியாக நடந்தது. அந்த பேட்சிலும் ஏடு விலக்கப்படவில்லை. ஆசிரியர்கள் படிக்காமலும் விடவில்லை.

வழக்கமான ஆண்டுகளில் ஓரல்ஸ் முடியும் தறுவாயில் மாணவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்வார்கள். உள்ளே நால்வரும் கலந்து பேசுவார்கள். பிறகு கதவைத் திறந்து கைகுலுக்குவார்கள். திருத்தங்கள் சொல்வார்கள். அவற்றைச் செய்து முடித்து வழிகாட்டியின் ஒப்புதல் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பிரதி நூலகத்துக்குப் போகும்.

அதன்பின் மேசையைக் காலி செய்ய வேண்டும். தலையணை, கோப்பை, நாயின் படம், மூன்று மாதம் முன்பே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய புத்தகங்கள். பட்டமளிப்பு நாளில் புல்வெளியில் பெயர் கூப்பிடும்போது மேசைகள் எல்லாம் துடைத்து வெறுமையாக நிற்கும். மேலே கோபுர அடுக்கில் 1915 தொடங்கி நீளும் வரிசையின் கடைசியில் ஓர் ஆண்டுக்கான இடம் காலியாக இருக்கிறது. கட்டுப்போட்ட பிரதிகள் இன்னும் வந்து சேரவில்லை.